போர்வையின் பாரம்

பஞ்சு வைத்த பெரிய போர்வையின் மேல் எஸ்தர் கொடி கொடியாகத் தையல் ஓட்டிக்கொண்டிருந்தாள். துணியைத் தானே தள்ளும் மெஷினின் பற்களைக் கீழே இறக்கிவிட்டிருந்ததால் அதைக் கையால்தான் நகர்த்த வேண்டும். மேசைக்கு வெளியே தொங்கிய பாரம் பின்னால் இழுத்ததில் இரண்டு ஊசிகள் உடைந்துவிட்டன. நாற்காலிகளை அண்டை கொடுத்துப் பார்த்தாள், சரிவரவில்லை. கடைசியில் மேசையைக் கணவரின் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, போர்வையை அவர் மேலேயே பரப்பினாள். பக்கவாதம் வந்து ஒன்பது மாதமாகத் தனராஜ் படுத்தே கிடந்தார்.

“கனக்குதா?”

“இல்ல. நீ தை.”

துணி இப்போது இழுக்காமல் வந்தது. அசைகிற இடது கையால் அவரே கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொடுத்தார். வெகுநாள் கழித்து அவர் முகம் தெளிந்திருந்தது.

“யாருக்கு இது?”

பொய் சொல்லத்தான் நினைத்திருந்தாள். “பெனிட்டாவுக்கு. குன்னூர் குளிர் தாங்கலியாம். மாசமா இருக்கா.”

ஆறு வருடமாக அந்த வீட்டில் யாரும் மகளின் பெயரைச் சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்றவர் அவர்தான். எஸ்தர் மிதியை அழுத்தினாள். துணி நகரவில்லை. அவர் கை போர்வையைக் கொத்தாகப் பிடித்திருந்தது.

“விடுங்க.”

அவர் அதை முகத்துக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. “அனுப்பாத.”

கொடுக்காதே என்கிறாரா, அவளே வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்கிறாரா? கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியைத் துணியிலிருந்து மேலே தூக்கி வைத்தாள்.