வியாழக்கிழமை வண்டி

"இந்த ஆளை வெட்டிடலாமா?"

கட்கி பஜாரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சலீம், படத்தின் மேல் விரலை வைத்தார். தண்டவாளம் சாலையைக் கடக்கும் இடத்தில் சிவப்புக் கொடியோடு ஒருவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், ராணுவக் கிடங்குக்குள் நுழையும் கூட்ஸ் வண்டி.

"ஒண்ணும் வெட்ட வேணாம்" என்றாள் கீர்த்தி, வெடுக்கென்று.

"அரே, எதுக்கும்மா கோவம்? ரயில் படப் போட்டிக்குன்னு நீதானே சொன்னே? ஆறு வாரமா எடுக்கறே. ஆறிலயும் எஞ்சின் பாதிதான் விழுது, இந்தக் கொடிக்காரன் மட்டும் முழுசா விழறான். கொஞ்சம் கிட்டப் போய் எடுத்தா என்ன?"

"கிட்டப் போனா கேட் சிப்பாய் கேமராவைப் பிடுங்கிடுவான். படம் எடுக்கக் கூடாதுன்னு போர்டே இருக்கு. பஸ் ஸ்டாப்புல நின்னு துப்பட்டாவுக்குள்ள ஒளிச்சு எடுக்கறேன். முடிஞ்சா நீங்க வந்து எடுங்க, சலீம் பாய்!"

"யப்பா, உன் வாய்! பி.காம்.ல வாய்க்குன்னு தனி பேப்பர் வெச்சாங்களா?"

கீர்த்தி சிரிக்கவில்லை. "அடுத்த வியாழன்தான் கடைசி வண்டி. அப்புறம் எல்லாம் லாரியாம். லைனை மூடிடறாங்க."

"அப்போ இந்தக் கொடிக்காரங்க எல்லாம் எங்க போவாங்க?"

"யாருக்குத் தெரியும்?" கொடிக்காரரைப் பார்த்தபடியே சொன்னாள். படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அவள் அம்மா பவுன், யாருக்கோ ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கீர்த்தி படத்தைப் புத்தகத்துக்குள் செருகுவதற்குள் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி, என்னத்த ஒளிக்க? இங்க கொண்டா. ஒரு வேலைக்கு மனுப் போடத் துப்பில்ல, கூட்ஸ் வண்டியப் படம் புடிச்சிக்கிட்டுத் திரியுதா!"

"குடும்மா, போட்டிக்கு அனுப்பணும்."

பவுன் கொடுக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு, தையல் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தாள்.

"அம்மா, வெட்டாதே! அடுத்த வாரத்தோட அந்த வண்டியே இல்லம்மா!"

கத்தரிக்கோல் நிற்கவில்லை. எஞ்சின் முதலில் விழுந்தது. அப்புறம் பெட்டிகள், தண்டவாளம், கிடங்கின் கேட், எல்லாம் வெட்டிய துணித் துண்டுகளோடு தரையில் கிடந்தன. பவுனின் உள்ளங்கையில் மிஞ்சியது கொடிக்காரர் மட்டும்.

டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து தன் கல்யாணப் படத்தை எடுத்தாள். மாலையும் கழுத்துமாக அவள் மட்டும் இருந்தாள். பக்கத்தில் ஒரு ஓட்டை. பதினேழு வருஷத்துக்கு முன், கட்டியவன் பக்கத்து ஏரவாடாவில் இன்னொரு குடித்தனம் வைத்த அன்று அவளே வெட்டியெறிந்த இடம்.

அதில் கொடிக்காரரை வைத்துப் பார்த்தாள். ஆள் ரொம்பச் சின்னதாக இருந்தார்.

"அடுத்த வாரம் கிட்டப் போயி எடுட்டி" என்றாள். "ஒங்கப்பனுக்கு ஒன்னைய அடையாளம் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவுது."