செவ்வரத்தை இல்லாத வீடு

"அவசரப்பட்டுப் புது விண்டோஸ் ஏத்தாதேங்கோ அக்கா. இந்தப் படம் வெட்டுற சொஃப்ட்வெயர் பழசு. புதுசில வேலை செய்யுமோ எண்டு முதல்ல பாப்பம்."

வவுனியாக் கொம்பியூட்டர் கடையிலிருந்து வந்தவன் தன் லப்டொப்பைத் திறந்தான். வழக்கமாக வரும் திலீபன் லீவாம். இவன் புது முகம். இருபத்தெட்டு வயதிருக்கும். இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது.

"உங்களுக்கு இந்தச் சொஃப்ட்வெயர் தெரியுமே தம்பி?" என்று கேட்டாள் தேனுகா. கிளிநொச்சியில் ஒற்றை ஆளாக ஸ்ரூடியோ நடத்துகிறவள்.

"என்ர அறையில கிடக்கிற பழைய கொம்பியூட்டரில இதேதான் வைச்சிருக்கிறன்."

"கொம்பியூட்டர் திருத்துறவருக்கு என்னத்துக்கு இது? ஆரும் பெட்டையின்ர படத்துக்குப் பக்கத்தில உங்களை வெட்டி ஒட்டுறனீங்களோ?"

அவன் சிரித்தான். "சும்மா... ஒரு தேவைக்கு. சரி, உங்களிட்ட இருக்கிறதிலயே முக்கியமான பைல் ஒண்டு தாங்கோ. என்ர லப்டொப்பில இருக்கிறது புது விண்டோஸ். இதில திறந்து பாப்பம்."

கல்யாண அல்பங்கள் இருந்தன. சாமத்தியவீட்டுப் படங்கள் இருந்தன. தேனுகா யோசிக்காமல் 'வீடு' என்ற பைலைத்தான் போட்டுக் கொடுத்தாள்.

பைல் திறந்தது. உள்ளே வீடு இல்லை. வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நடுவில், நூல் சேலையோடு, கால் வைக்க நிலமில்லாமல் ஒரு மனுசி நின்றாள்.

"ஐயோ, வீட்டைக் காணேல்லை!" என்றாள் தேனுகா.

அவன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். மேலே ஃபான் சுற்றிக்கொண்டிருந்தது. தேத்தண்ணியில் ஏடு கட்டியது.

"இந்த... இந்த அம்மாவுக்கு என்ன?" என்றான் கடைசியில்.

"துணுக்காய் விமலேஸ்வரியம்மா. மோன் கனடாவில. தாய்க்கு வீடு கட்டவெண்டு போனவன். அவா இருக்கிறது தகரக் கொட்டில். மழை பேஞ்சா சட்டி பானையெல்லாம் நிலத்தில பரப்பி வைப்பா. தெரிஞ்சா மோன் எல்லாத்தையும் போட்டிட்டு ஓடி வந்திடுவான் எண்டு, வீட்டுத்திட்டத்தில கல்வீடு கிடைச்சிட்டுது எண்டு சொல்லிப்போட்டா. பேந்தென்ன, மாசாமாசம் அவனுக்கு அனுப்புற படத்தில மேசனும் நான்தான், ஓடு போடுறதும் நான்தான்!"

தேனுகா தன் பழைய கொம்பியூட்டரில் அதைத் திறந்து காட்டினாள். தை மாதம் சுவர் எழும்பியது. மாசியில் ஓடு. பங்குனியில் விறாந்தை. ஒரு கல்லும் சுமக்காமல் எழும்பிய வீடு. ஆள் வராத மத்தியானங்களில் அந்த விறாந்தையில் தேனுகா தானும் போய்க் குந்தியிருந்திருக்கிறாள். அங்கே காற்று வரும். எங்கேயோ ஒரு அணில் கத்தும். ஆரும் வந்து கூப்பிடும்வரை எழும்ப மனம் வராது.

"அப்ப அந்த நீல யன்னலும்... நீங்கள் அடிச்சதோ?"

"ஓம். நல்ல வடிவு என்ன? தம்பி, இது திறக்காட்டி அவாவின்ர வீடு இடிஞ்ச மாதிரி. வாற மாசப் படத்துக்கு நான் எங்க போறது?"

"இடியாது அக்கா." அவன் கீபோர்ட்டைத் தன் பக்கம் இழுத்தான். "புதுசை வேற டிஸ்க்கில ஏத்திவிடுறன். பழசு அப்பிடியே கிடக்கட்டும். கொம்பியூட்டரைப் போடேக்க எது வேணுமெண்டு கேக்கும். கடை வேலைக்குப் புதுசு. வீட்டுக்குப் போறதெண்டாப் பழசு."

"அப்பாடா! மூண்டு மணி பஸ்ஸில அவா வருவா. நிண்டு நீங்களே சொல்லுங்கோ, சந்தோசப்படுவா."

அவன் கை நின்றது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தான். ஒன்றரை. அதன்பிறகு அவன் தலை நிமிரவில்லை. மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்க, திருப்புளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழும்பினான்.

"தேத்தண்ணி குடிக்கேல்லையே தம்பி?"

"நேரம் போட்டுது அக்கா." ஹெல்மெற்றை மாட்டியவன் வாசலில் நின்று திரும்பினான். "முன்வாசல்ல ஒரு செவ்வரத்தைப் பூமரம் வைங்கோ. அடுக்குச் செவ்வரத்தை. இல்லாட்டி வீடு வெறிச்செண்டு கிடக்கு."

மோட்டார்சைக்கிள் சத்தம் வவுனியாப் பக்கமாகத் தேய்ந்து போனது.

சொன்னபடி பஸ்ஸில் வந்திறங்கினார் விமலேஸ்வரி. "பிள்ளை, என்ர வீடு கிடக்கே?"

"கிடக்கு அம்மா. இந்தமுறை முன்வாசல்ல ஒரு அடுக்குச் செவ்வரத்தை வைப்பமோ?"

அவர் வாயில் கையை வைத்தார். "உனக்கு ஆர் சொன்னது? செவ்வரத்தை இல்லாட்டி அது எங்கட வீடே இல்லையெண்டு என்ர மோன் சின்னனில அழுவான்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த போனை அவிழ்த்தார். "நாவூறு படும் எண்டு அவன்ர படத்தை ஒருத்தருக்கும் காட்டுறேல்லை. நீ பாக்கலாம். போன கிழமை அனுப்பினவன். அங்க சரியான குளிராம், பாவம்."

தேனுகா வாங்கிப் பார்த்தாள். பனி கொட்டிக்கொண்டிருந்தது. தலைமயிரில் ஒரு பொட்டுக்கூட ஒட்டவில்லை. அவளுக்கு அந்தப் பனியைத் தெரியும். பழைய சொஃப்ட்வெயரில் ஒரு அழுத்து அழுத்தினால் விழுகிற பனி. அதற்கு நடுவில், தடித்த குளிர்ச்சட்டையோடு, இரண்டாகப் பிரிந்த இடது புருவத்தோடு, சிரித்துக்கொண்டு நின்றான், சற்றுமுன் மோட்டார்சைக்கிளில் வவுனியாவுக்குப் போனவன்.