ஒரே ஒரு கிலோவாட்

மாலையில் மின்சாரம் போனதும் வீட்டின் பாரம் முழுவதும் இன்வெர்ட்டர் தலையில் விழுந்தது. பேட்டரியில் பாதிதான் மிச்சம் இருந்தது. தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"இன்று குறைவாகக் கேட்பவர்களுக்குத்தான் இடம். யாருக்கு எவ்வளவு வேண்டும், சொல்லுங்கள்" என்றது இன்வெர்ட்டர்.

"எனக்கு ஒன்பது வாட் போதும் அண்ணே" என்றது பல்பு.

"எனக்கு ஐம்பது" என்றது தொட்டிலுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறி, கொஞ்சம் கூச்சத்தோடு.

"எனக்கு ஒன்றே ஒன்று" என்றது இஸ்திரிப்பெட்டி.

இன்வெர்ட்டர் அதன் முதுகில் அச்சடித்திருந்ததைப் படித்துப் பார்த்தது. "1 kW. W என்றால் வாட், தெரியும். அதற்கு முன்னால் என்ன அந்த k?"

"அது என் இனிஷியல்."

பல்புக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, k என்றால் கிலோ. அது கேட்பது ஆயிரம் வாட்!"

"ஒன்பது கேட்கிற நீ, ஒன்று கேட்கிறவரைக் குறை சொல்லாதே" என்ற இன்வெர்ட்டர், பல்பையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு இஸ்திரிப்பெட்டிக்கு வழிவிட்டது.

பெட்டி சூடாவதற்குள்ளேயே இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றுபோனது. புழுக்கத்தில் விழித்துக்கொண்ட குழந்தை வீறிட்டு அழுதது. அதன் அம்மா இருட்டில் தட்டுத்தடுமாறி வந்து, முந்தானையால் விசிறத் தொடங்கினாள்.

மின்சாரம் வந்த பிறகு கண் விழித்த இன்வெர்ட்டர் வெகுநேரம் யோசித்தது. பிறகு பல்பைக் கூப்பிட்டுச் சொன்னது:

"ஒன்றையே என்னால் தாங்க முடியவில்லை. நல்லவேளை, உங்கள் இரண்டு பேரையும் முதலிலேயே அணைத்துவிட்டேன்."