குளியலறையிலிருந்து கடல் வானிலை

இந்தக் கதையில் ஒரு நல்ல சிரிப்பு இருக்கிறது. ஆனால் அது கடைசியில்தான். அதுவரை கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். பள்ளிக்கூடத்துப் பெண் கிளியும் அப்படித்தான் இருக்கிறாள், காலை ஐந்தரை மணிக்கு, குளியலறைக்குள், தலையில் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு.

வாளி எதிரொலிக்காக. கையில் வாக்கி டாக்கி.

வாசலில், டிராலி மேல் நிற்கும் படகுக்குள் மாமா. லைஃப் ஜாக்கெட், தொப்பி, கழுத்தில் விசில். டிராலியை ஜீப்பில் மாட்டியாகிவிட்டது. ரேடியோ 'போகலாம்' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

கிளி மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"வணக்கம். துறைமுக வானிலை நிலையம். கடல் ஏற்றம் காலை ஆறு பத்துக்கு. அலையின் உயரம் மூன்றரை மீட்டர். சிறு படகுகள்..." நிஜ ரேடியோவில் வானிலை வாசிப்பவர் இந்த இடத்தில் எச்சில் விழுங்குவார். கிளியும் விழுங்கினாள். "...கடலுக்குள் செல்ல வேண்டாம்."

"அடச்சே!" என்றது படகு.

மூன்று மாதத்துக்கு முன் மாமாவுக்கு நெஞ்சில் ஆபரேஷன். "மூணு மாசம் படகு பக்கமே போகாதீங்க" என்றார் டாக்டர்.

"டாக்டருக்கு என்ன தெரியும் கடலைப் பத்தி? ரேடியோ வேணாம்னா போகமாட்டேன். வேற எவன் சொன்னாலும் போவேன்" என்றார் மாமா.

"இருக்கறது ஒரே தம்பி. நடுக்கடல்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டா யாருடி இருக்கா?" என்று அம்மா மூக்கைச் சிந்தினாள்.

ஹெட்மாஸ்டர் குரலில் பள்ளிக்கூடத்துக்கே அரை நாள் லீவு விட்டவள் கிளி. இது எம்மாத்திரம்? அன்று சாயங்காலமே படகு ரேடியோவின் வயரைப் பிடுங்கிவிட்டு, அதன் பின்னால் ஒரு வாக்கி டாக்கியைச் செருகினாள். ஜோடி அவளிடம்.

மறுநாள் முதல் தினமும் புயல்.

வாராவாரம் டார்ச்சிலிருந்து பேட்டரியைச் சுட்டுத் தன் வாக்கி டாக்கியில் போட்டுக்கொள்வாள். டார்ச் எரியாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும். டி.வி. ரிமோட் ஏன் அடிக்கடி படுத்துக்கொள்கிறது என்பதுதான் அவளுக்கே புரியவில்லை.

சிரிப்புதானே? வருகிறது, இருங்கள்.

பத்து நாளில் கிளிக்குத் தலைக்கனம் ஏறியது. வானிலையோடு நிற்கவில்லை.

"சிறு படகில் இருப்போர் காலை மாத்திரையை மறக்க வேண்டாம்."

மாமா மாத்திரை போட்டார்.

"காற்றில் உப்பு அதிகம். ஆகவே குழம்பில் உப்பைக் குறைக்கவும்."

மாமா குறைத்துக்கொண்டார்.

"தென்மேற்கிலிருந்து காபியோடு வரும் அக்காவிடம் எரிந்து விழ வேண்டாம்."

மாமா விழவில்லை. காபியை வாங்கிக்கொண்டு "தாங்க்ஸ்க்கா" என்றார். அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"எப்படிடி நம்பறான் இதையெல்லாம்?" என்று கிளியிடம் வந்து கிசுகிசுத்தாள்.

"படகுக்காரங்களுக்கு ரேடியோன்னா தெய்வ வாக்கும்மா."

ஒரு நாள் படகுத்துறை மெக்கானிக் கேட்டருகே வந்து நின்றார். கிளி ஜன்னலோரம் ஒளிந்துகொண்டு காதைத் தீட்டினாள்.

"என்ன கேப்டன், கடல் கண்ணாடி மாதிரி கிடக்கு. நீங்க இங்க ரோட்டுல நங்கூரம் போட்டிருக்கீங்க?"

"மூன்றரை மீட்டர் அலைய்யா!"

"எங்க? உங்க வீட்டுத் தொட்டியிலயா?"

"ரேடியோ சொல்லுது! ரேடியோவை விட உனக்குத் தெரியுமா? போய்யா, போய் என்ஜினைக் கழுவு!"

மெக்கானிக் தலையைச் சொறிந்துகொண்டே போனார். 'அப்பாடா, மாமா எவ்வளவு நல்ல முட்டாள்' என்று கிளி உருகிப்போனாள்.

தொண்ணூற்றிரண்டாம் நாள். முந்தைய நாள்தான் டாக்டர், "இனிமே தாராளமா போகலாம்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார். பாவம் மாமா, எத்தனை நாள் ஏமாற்றியாகிவிட்டது! இன்றைக்கு அவர் கடல் அவருக்கு.

"கடல் ஏற்றம் காலை ஆறு பத்துக்கு. அலை அரை மீட்டர். காற்று மிதம். சிறு படகுகள்..." விழுங்கினாள். "...தாராளமாகச் செல்லலாம்!"

ஜீப் கிளம்பும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

கிளம்பவில்லை.

வாளியைத் தூக்கி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். மாமா படகிலேயே இருந்தார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார். படகு தரையில்தான் நின்றது. கைதான் ஆடியது.

வாக்கி டாக்கி கரகரத்தது.

"வணக்கம்." அதே மூக்கு. அதே வாசிப்பாளர். கிளி வாளியோடு விறைப்பாக நின்றாள். "டிராலி வானிலை நிலையம். குளியலறை நிலையத்துக்கு ஓர் அறிவிப்பு. கடல் ஏற்றம் தினமும் ஐம்பது நிமிடம் தள்ளித் தள்ளித்தான் வரும். தொண்ணூறு நாளாக ஆறு பத்துக்கே வருவது..." எச்சில் விழுங்கும் சத்தம். "...பால்காரர்."

"மா... மாமா?"

மாமாவின் குரலிலிருந்து மூக்கு போய்விட்டது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் தண்ணியைப் பார்த்தாலே கை உதறுது மருமகளே. துறையில சொன்னா சிரிப்பானுங்க. நீதான் தினம் ஒரு புயல் குடுத்து என் மானத்தைக் காப்பாத்தினே. நாளைக்கும் ஒண்ணு போடேன். சின்னதா இருந்தாலும் போதும்."

"சும்மா சமாளிக்காதீங்க மாமா! இப்பதானே கண்டுபிடிச்சீங்க?"

அந்தப் பக்கம் ஒரு பெரிய சிரிப்பு கேட்டது.

"கழுதை, உன்னோடதுக்கு டார்ச் பேட்டரி. தொண்ணூறு நாளும் இந்தப் பக்கம் உன் குரல் கேட்டுச்சே, டி.வி. ரிமோட் ஏன் வேலை செய்யலைன்னு நீ யோசிக்கவே இல்லையா?"