இரண்டு பை வந்தது, வாண்டு வரவில்லை

நீதிமன்ற வராந்தாவில் அண்ணன் ஒரு பையோடு நின்றிருந்தான். கொஞ்சம் தள்ளி அண்ணி ஒரு பையோடு நின்றிருந்தாள். இரண்டு பையிலும் பால் புட்டி, மாற்றுத் துணி, துண்டு, குல்லாய் எல்லாம் இருந்தன.

குழந்தைதான் இல்லை.

"நீ கூட்டிட்டு வருவேன்னு நெனச்சேன்" என்றான் அண்ணன். அதையே சொல்லத்தான் அண்ணியும் வாயெடுத்திருந்தாள்.

வாண்டை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மூச்சிரைக்கப் படியேறி வந்தபோது கண்ட காட்சி இது.

பிரிந்த பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் இருப்பது என் தையல் கடைதான். காலையில் ஒருவர் குழந்தையை விட்டுவிட்டுப் போவார், சாயங்காலம் மற்றவர் வந்து எடுத்துப் போவார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பிள்ளை வளர்க்க நல்ல ஏற்பாடு. இன்றைக்கும் அண்ணன் பழக்க தோஷத்தில் கடையில் விட்டுவிட்டு, அவள் எடுத்து வருவாள் என்று நேராக இங்கே வந்துவிட்டான். அவளோ, இன்று அவனே தூக்கி வருவான் என்று இருந்துவிட்டாள்.

நானும் வர வேண்டிய ஆள்தான். பாதி தைத்த சட்டையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தேன். கழுத்தில் டேப் தொங்குவதே இங்கே வந்துதான் தெரிந்தது. அதன் நுனியை வாண்டு சப்பிக்கொண்டிருந்தாள்.

வாண்டு வாடகைத்தாய் சுமந்து பெற்ற குழந்தை. அந்தச் சொல்லே எனக்குப் பிடிக்காது. கரு அண்ணனும் அண்ணியும் தந்தது. ஆனாலும் சட்டத்துக்குப் பெற்றவள்தான் தாய். நீதிபதி மாற்றி உத்தரவு போட்டால்தான் இவர்கள் அப்பா அம்மா. வாண்டு பிறக்கும் முன்பே இவர்கள் பிரிந்துவிட்டார்கள். ஆளுக்கொரு வீட்டில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று வழக்கு இழுத்துக்கொண்டே போனது. இன்றைக்கு முடிவு சொல்லப் போகிறார்கள்.

இன்றைக்குப் பார்த்தா பிள்ளையை மறப்பார்கள்?

உள்ளே நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். குழந்தையை ஏன் நான் தூக்கி வந்தேன் என்று கேட்டார்.

அண்ணன் எழுந்தான். "தப்பு என்மேலங்க. நான்தான் சரியா கேட்டுக்கல."

அதற்குள் அண்ணியும் எழுந்துவிட்டாள். "அவர் மேல தப்பில்லீங்க. நான் ஒரு போன் பண்ணியிருக்கணும்."

ஃபேன் எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்பதில்கூட ஒத்துப்போகாதவர்கள் இவர்கள். இப்போது பழியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

நீதிபதி இருவரையும் உட்காரச் சொன்னார். கோப்பைப் புரட்டினார்.

"குழந்தையோட தாய் எழுந்திருங்க."

அண்ணி பாதி எழுந்தாள். பிறகு நினைவு வந்து, கண் கலங்க அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் எழுந்தேன்.

"இன்னிக்கு வரைக்கும் நான்தாங்க. சுமந்தேன், பெத்தேன், அவ்வளவுதான். இவளோட அம்மா அதோ உக்காந்து அழுதுட்டு இருக்காங்க. சீக்கிரமா என்னை அத்தை ஆக்கி அனுப்புங்க, கடையில வேலை கெடக்கு."

விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

நீதிபதி பேனாவை எடுத்தார். வாண்டு டேப்பை விட்டுவிட்டு அண்ணியைப் பார்த்துத் தாவினாள்.