இரண்டு பரிந்துரைக் கடிதங்கள்

தன்னைத் தானே புகழ்ந்து ஒரு பக்கம் எழுதுவது எப்படி என்பது வைஜயந்திக்கு மூன்று நாளாகப் பிடிபடவில்லை.

மலை மேல் ஓர் ஆய்வு நிலையம். அங்கேயே தங்கி சமூகவியல் ஆராய்ச்சி செய்ய இரண்டு வருட ஃபெலோஷிப், ஒரே ஓர் இடம். நகரத்தின் ஓரத்தில், சாங்வியில், இரண்டு அறை வீட்டில் ஏழு பேருக்கு நடுவே அவள் ஆய்வேடு மூன்றாம் அத்தியாயத்திலேயே நின்றுவிட்டது. அந்த இடம் கிடைத்தே ஆக வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் கேட்டதற்கு அவள் வழிகாட்டி அனந்தராமன், "நீயே எழுதிண்டு வா, கையெழுத்துப் போட்டுடறேன்" என்றிருந்தார்.

"எழுதிட்டியாம்மா?" என்று இன்று கேட்டார்.

"கூச்சமா இருக்கு சார்."

"அப்போ வேற ஒருத்தரைப் புகழ்ந்து பழகு. நம்ம இன்ஸ்டிட்யூட் டைரக்டர் தரவேண்டிய கடிதம் ஒண்ணு இருக்கு. என்னையே எழுதச் சொல்லிட்டார். நீ எழுதிடேன்."

"யாருக்கு சார்? எப்படிப்பட்டவர்?"

"மேதை. ரொம்ப அடக்கமானவர்."

பிறத்தியாருக்கு என்றதும் கடிதம் அரை மணியில் முடிந்தது.

"பேர் என்ன போடணும் சார்?"

அனந்தராமன் குரலைத் தாழ்த்தினார். "என் பேர்தான். அதே ஃபெலோஷிப்புக்கு நானும் போடறேன். ரெண்டு வருஷம் கிளாஸ் எடுக்க வேண்டாம் பாரு!"

வைஜயந்தி கடிதத்தை மடித்தாள். "டைரக்டர் படிச்சுப் பார்ப்பாரா சார்?"

"நாங்க யாரும்மா படிக்கறோம்? நீயே ரெண்டுக்கும் கையெழுத்து வாங்கி போஸ்ட் பண்ணிடு."

அவள் அந்தக் கடிதத்தையே இரண்டு பிரதி டைப் செய்தாள். டைரக்டர் கையெழுத்துப் போடவேண்டியதில் தன் பெயரைப் போட்டாள். அனந்தராமன் கையெழுத்துப் போடவேண்டியதில் அனந்தராமன் பெயரைப் போட்டாள்.

இருவரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.