இருபது நாள் மூச்சு

சாமியாத்தாள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிக் கொடுத்தாள்.

சிகிச்சையின்போது, இறந்துபோன கணவர் தனபாலின் குடலிலிருந்து எடுத்த சிறு சதைத்துணுக்கை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளச் சம்மதம். அதைக் கேட்கத்தான் டாக்டர் நஃபீசா கோயமுத்தூரிலிருந்து கோபிசெட்டிபாளையம் வந்திருந்தாள்.

தனபால் நாற்பது வருடம் வெறுங்காலோடு நெல்வயலில் இறங்கியவர். என்றோ பாதத்தின் வழியே ஏறிய புழு ஒன்று அவர் குடலில் தங்கிவிட்டது. உடம்பு அதை ஒழிக்கவில்லை. பெருகவும் விடவில்லை. குடல் அந்தக் காவலை எப்படிக் காக்கிறது என்பதுதான் ஆராய்ச்சி.

காவலைக் கலைத்தது மூச்சிளைப்புக்கு எழுதிய ஸ்டீராய்டு மாத்திரை.

எழுதியவள் நஃபீசா. அதற்குமுன் ஒரு மலப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். செய்யவில்லை. கண்டுபிடித்தபோது புழுக்கள் பெருகி நுரையீரல்வரை போயிருந்தன.

கையெழுத்தோடு இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தாள். அன்னூரைத் தாண்டியதும் காரில் தனியாக, வாய்விட்டுச் சொல்லிக்கூடப் பார்த்தாள்.

சாமியாத்தாள் முந்திக்கொண்டாள்.

"நீங்க குடுத்த மாத்திரைலதானுங்க டாக்டரம்மா, எங்கூட்டுக்காரரு கடைசியா இருபது நாளு நல்லா மூச்சு உட்டாரு. அத மறக்கமாட்டனுங்க."

நஃபீசா தலையை மட்டும் ஆட்டினாள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. பின்னாளில் அவளை அதிகம் கூச வைத்தது அந்த நிம்மதிதான்.

விடைபெற்று வாசலில் செருப்பை மாட்டினாள். சாமியாத்தாள் கூடவே வந்தாள்.

"மீதி மாத்திரைய வீணாக்கலீங்க. எங்கொழுந்தனாருக்கும் அதே எளப்புதானுங்க. நாலு நாளாக் குடுத்துட்டிருக்கறனுங்க."

நஃபீசா வயலைப் பார்த்தாள். கணுக்கால் சேற்றில் வெறுங்காலோடு கொழுந்தனார் தம்பிதுரை மடை திருப்பிக்கொண்டிருந்தார்.

அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். புழு, மாத்திரை, செய்யாமல் விட்ட பரிசோதனை. எதையும் மறைக்கவில்லை.

சாமியாத்தாள் அழவில்லை. வரப்பில் ஓடிப்போய்க் கொழுந்தனைக் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். கழுவாத காலோடு காரில் ஏற்றினாள்.

ஆஸ்பத்திரியில் புழு மருந்து கொடுத்துத் தம்பிதுரையைக் காப்பாற்றிவிட்டார்கள். அது அடுத்த வாரம்.

அன்று, வண்டி கிளம்புவதற்குமுன், சாமியாத்தாள் ஜன்னலருகே குனிந்தாள். குரல் உயரவில்லை. மரியாதையும் குறையவில்லை.

"நான் இதச் சொல்லாட்டி, நீங்க அதச் சொல்லியிருப்பீங்களா அம்மணி?"